கொல்லைப்புறம் காத்த கனி: மரத்தக்காளியின் வரலாறு

நீலகிரி மலையூர்ச் சந்தைகளில், கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவே, சிறு கூறுகளாக ஒரு கனியை அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். முட்டை வடிவம், சிவப்போ மஞ்சளோ நிறம், நீண்ட காம்பு. அறுத்தால் கருஞ்சிவப்புக் கூழும், அதனுள் தட்டையான சிறு விதைகளும். பெயர் கேட்டால் 'மரத்தக்காளி' என்பார்கள். சமவெளியிலிருந்து செல்வோர் செவியில் அது 'மணத்தக்காளி' என்றே விழும். ஓரெழுத்து வேற்றுமைதான். ஆயினும் ஒன்று நம் வேலியோரத்தில் தொன்றுதொட்டு வளர்வது. மற்றொன்று கடல் பல கடந்து வந்தது.

கனிகளின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாக அரசர்களையும் வணிகர்களையும் முன்னிறுத்துவர். மாவுக்கு முகலாயர் உண்டு. அன்னாசிக்குப் போர்த்துகீசியர் உண்டு. வாழைக்குப் பெருங்குழுமங்கள் உண்டு. மரத்தக்காளிக்கு அப்படி எவரும் இல்லை. அதனை இந்நாள்வரை வாழவைத்தது சமையற்கட்டின் பின்புறமுள்ள ஒருமுழ நிலம் மட்டுமே. பெருந்தோட்டக்காரர்கள் அதனைக் கையிலெடுத்த காலமும் ஒன்று வந்தது. அதற்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும், ஒட்டுக்கட்டும் கலை அதில் என்ன பங்கு வகித்தது என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு தொகுத்துக் காண விழைகிறோம்.

இரவற் பெயர்கள்

முதலில் பெயரைப் பார்ப்போம். 'தக்காளி' என்ற சொல் நம் மொழியில் அமெரிக்கத் தக்காளிக்கு முந்தியது. மணத்தக்காளி, சிறுதக்காளி முதலிய உள்ளூர்ச் செடிகளைக் குறித்து வழங்கிய சொல் அது. புதிதாக வந்த கனியைச் 'சீமைத்தக்காளி' என்று நம் முன்னோர் அழைத்தனர். காலப்போக்கில் சீமை உதிர்ந்தது. வந்தவர் வீட்டுக்காரர் ஆனார். அதன்பின் வந்த இக்கனிக்கு, மரத்தில் காய்ப்பதால் மரத்தக்காளி என்ற பெயர் அமைந்தது. விருந்தாளியின் பெயரைக்கொண்டே அடுத்த விருந்தாளிக்குப் பெயரிட்டோம் எனலாம்.

நாம் மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஸ்பானிய மொழியில் இதன் பெயர் 'தொமாத்தே தெ ஆர்போல்'. பொருள் அதே மரத்தக்காளிதான். இந்தோனேசியாவில் 'தெரோங் பெலாண்டா', அதாவது ஒல்லாந்தர் கத்திரிக்காய். நம் 'சீமை'க்கு நேரான அடைமொழி அங்கே 'பெலாண்டா'. நேபாளியிலும் சிங்களத்திலும் மரத்தையும் தக்காளியையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் வியப்பல்ல. வியப்பு யாதெனில், கனியின் சொந்த நிலமான ஆண்டிஸ் மலைத்தொடரிலேயே, பெரு நாட்டில், இதனைச் 'சாச்சதொமாத்தே' என்கிறார்கள். 'சாச்ச' என்பது காட்டையும் மரத்தையும் குறிக்கும் கெச்சுவா மொழிச்சொல். 'தொமாத்தே' மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியர் வாய்வழியே வந்தது. தன் பிறந்தகத்திலேயே இரவற் பெயரால் அழைக்கப்படும் கனி இது. அதன் தாயகத்தைத் தேடுவது ஏன் கடினமாயிற்று என்பதற்கு இதுவே முதற் குறிப்பு.

காட்டைக் காணாத மரம்

1799-இல், ஸ்பானியத் தாவரவியலாளர் அந்தோனியோ ஹொசே கவனில்லெஸ் இச்செடிக்கு 'சொலானம் பீட்டேசியம்' என்று பெயரிட்டார். பீட்ரூட்டை ஒத்தது என்பது அதன் பொருள். அவர் ஆண்டிஸ் மலையேறி அதனைக் கண்டவரல்லர். மாட்ரிட் நகரத் தாவரத் தோட்டத்தில் வளர்ந்த செடியைக் கண்டே எழுதினார். 1845-இல் செண்ட்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதனைக் கத்திரியின் பேரினத்திலிருந்து பிரித்து, 'சைபோமேண்ட்ரா' என்ற தனிப் பேரினத்தில் சேர்த்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அப்பெயரே நின்றது. 1995-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லின் போஸ், மரபணுச் சான்றுகளின் துணையோடு, அப்பேரினம் முழுவதையும் மீண்டும் சொலானத்துக்குள் கொண்டுவந்தார். கத்திரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்திரி ஆகியவற்றின் பந்தியில் மரத்தக்காளி மீண்டும் இடம்பெற்றது. இந்த உறவு வெறும் ஏட்டுச் செய்தியன்று என்பது ஒட்டுக்கட்டும் இடத்தில் விளங்கும்.

கொலம்பியா தொடங்கி அர்ஜென்டினா வரையில் ஆண்டிஸ் மலைவாழ் மக்களின் வீட்டுத் தோட்டங்களில் எல்லாம் இம்மரம் இருந்தது. ஆனால் காட்டில் இல்லை. வீட்டிலிருந்து தப்பிப் புதரில் முளைத்தவையா, உண்மையாகவே காட்டு மரங்களா என்று பிரித்தறிவதும் எளிதாக இல்லை. தென் பொலிவியாவிலும் வடமேற்கு அர்ஜென்டினாவின் ஹுஹுய், சால்டா, டுக்குமான் மாநிலங்களிலும் உள்ள மலைக்காடுகளே இதன் தாயகமாகலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மரத்தக்காளி நெடுநாள் வாழும் மரமன்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே அதன் வாழ்நாள். மாமரத்தைப் பாட்டன் நட்டுப் பேரன் உண்பது போல இதனை உண்ண இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் பலமுறை புதிதாக நட்டாக வேண்டும். காட்டைச் சாராமல், நாட்டுக்கு நாடு, மலைக்கு மலை இக்கனி வந்து சேர்ந்திருக்கிறது என்றால், எத்தனை வீடுகளில் எத்தனை முறை யாரோ ஒருவர் விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்திருக்க வேண்டும்! அந்தச் சங்கிலி எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் அறுபடவுமில்லை.

பேரரசின் தோட்டங்கள் வழியே

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பேரரசின் தாவரத் தோட்டங்கள் ஒன்றுக்கொன்று விதைகளையும் கன்றுகளையும் அனுப்பிக்கொண்டிருந்தன. ஆண்டிஸ் மலையிலிருந்து அவர்கள் பெரிதும் நாடியது மரத்தக்காளியை அன்று. காய்ச்சல் மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனா மரத்தை. 1860-களில் நீலகிரியில் சின்கோனா வேரூன்றியது. இலங்கையில் நுவரெலியாவை அடுத்த ஹக்கலைத் தோட்டம் 1861-இல் சின்கோனாவுக்காகவே தோற்றுவிக்கப்பட்டது. பெரிய விருந்தாளிக்குத் திறந்த கதவின் வழியே சிறிய விருந்தாளிகளும் நுழைந்தனர். 1880-களில் ஹக்கலைக்கு வந்து சேர்ந்த மரத்தக்காளி, மலையகத்து வீட்டுத் தோட்டங்களில் விரைவில் பரவியது. பிறகு செயற்கை மருந்துகள் வந்தன. சின்கோனாத் தோட்டங்கள் மறைந்தன. அந்த நிலங்களில் தேயிலை நின்றது. யாரும் பொருட்படுத்தாத மரத்தக்காளியோ வீடுகளின் பின்புறத்தில் காய்த்துக்கொண்டே இருந்தது.

இதற்குத் தேவையானவை குளிர்ந்த மலைக்காற்றும், நீர் தேங்காத மண்ணும். வெப்பமான சமவெளியில் செடி வளர்ந்தாலும் பூ சரிவரக் காயாவதில்லை. கடும் உறைபனியில் இளங்கிளைகள் கருகிவிடும். ஆகவே நீலகிரி, கொடைக்கானல், இலங்கை மலையகம், டார்ஜிலிங், நேபாளம், சுமாத்திராவின் மேட்டுநிலம் என்று மலைகளைத் தேர்ந்து தேர்ந்தே அது குடியேறியது. நேபாளத்தில் சுட்டு அரைத்து அச்சாறாக்கினர். சுமாத்திராவில் பிழிந்து சர்க்கரை கூட்டிப் பருகினர். எக்குவடோரில் மிளகாயோடு அரைத்து அன்றாட உணவுக்குத் தொடுகறியாக்கினர். நம் மலையூர்களில் சட்டினியாயிற்று. எங்கும் தோல் மட்டும் கசப்பு. கொதிநீரில் ஒருகணம் முக்கி உரித்துவிடுவதே எல்லா நாட்டுச் சமையலறைகளும் கண்ட உபாயம்.

புதுப்பெயர் சூடிய கதை

1891-இல் இந்தியாவிலிருந்து மரத்தக்காளி நியூசிலாந்துக்குப் போயிற்று. ஆக்லாந்தில் நாற்றுப்பண்ணை நடத்திய ஹே குடும்பத்தினர் அதனை அங்கே அறிமுகப்படுத்தினர். முதலில் மஞ்சள், ஊதா நிறக் கனிகளே இருந்தன. 1920-களில் தென்னமெரிக்காவிலிருந்து தருவித்த விதைகளைக்கொண்டு சிவப்பு வகை உருவாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது வாழைப்பழமும் ஆரஞ்சும் கப்பலேறி வருவது குறைந்தபோது, உள்ளூரில் விளையும் மரத்தக்காளிக்கு மதிப்புக் கூடியது. கொல்லைப்புறத்து மரம் முதன்முதலாக வரிசைகட்டித் தோப்பில் நின்றது.

தோப்பில் நின்றதும் அதற்குப் பழைய பெயர் போதவில்லை. மரத்தக்காளி என்றால் தக்காளியின் மலிவு நினைவுக்கு வருகிறதே! 1967 சனவரி 31 அன்று, அந்நாட்டு விளைவிப்போர் அமைப்பு 'டமரில்லோ' என்று அதற்குப் புதுப்பெயர் சூட்டியது. தலைமையைக் குறிக்கும் 'தாமா' என்ற மாவோரிச் சொல்லும், மஞ்சளைக் குறிக்கும் 'அமரில்லோ' என்ற ஸ்பானியச் சொல்லும் கலந்தது என்பர் சிலர். தக்காளியின் ஒலியே அதிலும் இழைகிறது என்பர் வேறு சிலர். சீன நெல்லி என்றிருந்த கனியை 1959-இல் 'கிவி' ஆக்கி உலகச் சந்தையை வென்ற நாடு அது. அதே வழியில் இக்கனிக்கும் பொற்காலம் வரும் என எண்ணியிருப்பர். கிவிக்கு வந்த அந்தப் பெருவாழ்வு டமரில்லோவுக்கு வாய்க்கவில்லை. காரணம் மேலே இல்லை, மண்ணுக்குள் இருந்தது.

வேரின் கதை

மரத்தக்காளியின் வேர் ஆழம் போவதில்லை. பெருங்காற்றில் காய்ச்சுமையோடு மரமே சாய்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் வேரடியில் நீர் தேங்கினால் பட்டுப்போகும். மண்ணிலுள்ள நூற்புழுக்கள் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி மரத்தை நலியச் செய்யும். கொல்லையில் ஒரு மரம் போனால் வேறோரிடத்தில் இன்னொன்று நட்டுவிடலாம். தோப்பிலோ அதே மண்ணில் மீண்டும் மீண்டும் அதே மரம். ஆகவே வேரை மாற்றும் கலை தேவைப்பட்டது. அதுவே ஒட்டு.

ஒட்டுக்கட்டுதல் எளிய செயல்தான். பென்சில் பருமனுள்ள இளஞ்செடியின் தலையை வெட்டி, தண்டின் நடுவே ஓரங்குலம் பிளக்க வேண்டும். மரத்தக்காளியின் குச்சி ஒன்றை அதே பருமனில் எடுத்து, இலைகளைக் கிள்ளி, அடிப்பகுதியை ஆப்புப்போல இருபுறமும் சீவிப் பிளவில் செருக வேண்டும். தோலுக்கு அடியிலுள்ள பசிய வளர்திசு இரண்டிலும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதே இதன் உயிர்நிலை. நாடாவால் இறுகக் கட்டி, காற்றும் வெயிலும் தாக்காமல் மூடி வைத்தால் சில வாரங்களில் துளிர் வரும். பிறகு அடிச்செடி தன் பக்கக் கிளைகளை விடும்போதெல்லாம் அவற்றைக் கிள்ளியாக வேண்டும். இல்லையேல் வேருக்குடையவன் வீட்டையும் எடுத்துக்கொள்வான். ஒரே குடும்பத்துச் செடிகளே இவ்வாறு கூடும். கத்திரியைச் சுண்டையின்மேல் ஒட்டுவதைத் தமிழ்நாட்டு உழவர் அறிவர். மரத்தக்காளியும் அதே பந்தியைச் சேர்ந்ததென முன்பே கண்டோம்.

எக்குவடோர் நாட்டார் நூற்புழுவை வெல்லக் காட்டுப் புகையிலை இனம் ஒன்றின்மேல் ஒட்டுகிறார்கள். நியூசிலாந்தில் தேர்ந்தெடுத்தது 'சொலானம் மொரிஷியானம்' என்ற செடியை. அகன்ற இலையெங்கும் பஞ்சுபோன்ற சுணை, ஊதாப்பூ, மஞ்சள் நிறச் சிறுகாய்க் கொத்து. நீலகிரிச் சாலையோரங்களிலும் இன்று மண்டிக்கிடப்பது இதுவே. பெயர் மொரிஷியசைச் சொன்னாலும் அதன் தாயகம் தென் பிரேசிலும் உருகுவேயும் பராகுவேயும் வட அர்ஜென்டினாவும். பிறந்த மண் எதுவென்றே பொய்ப்பெயர் தாங்கிய செடி. ஒரே பெருநிலத்தில் பிறந்த அயலார் இருவர், கடல் கடந்து, ஒருவர் கனியாகவும் மற்றவர் வேராகவும் ஒரே உடலாகச் சேர்ந்த இடம் நியூசிலாந்து.

வேர் உறுதியானது, ஈரத்தையும் நோயையும் ஓரளவு தாங்கியது. ஆனால் அந்த வேர்ச்செடியே, பறவைகள் விதை பரப்ப, காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிக்கொண்டது. இன்று அந்நாட்டில் அதனை விற்பதற்கும் பெருக்குவதற்கும் தடை உண்டு. அதனை அழிக்கவென்றே 2010-இல் ஒரு பூச்சியினத்தைக் கொணர்ந்து விட்டார்கள். கனிக்குப் பட்டம் சூட்டிய நாட்டில், அதனைத் தாங்கிய வேர் குற்றவாளிப் பட்டியலில் ஏறியது. இதில் நாட்டின் பிழை என ஒன்றுமில்லை. காடு காக்கப்பட வேண்டியதே. ஆயினும் வரலாற்றில் தாங்குவோர் நிலை பெரும்பாலும் இத்தகையதே என்ற நினைவு எழாமல் இருக்கவில்லை.

2006

அந்த ஆண்டில், வட அமெரிக்காவைச் சேர்ந்த சிறு சாறுறிஞ்சிப் பூச்சி ஒன்று நியூசிலாந்தில் கண்டறியப்பட்டது. 'சைலிட்' என்னும் இனம். தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளைத் தாக்குவது. அது ஒருவகை நுண்ணுயிரைத் தன்னோடு கொண்டு திரிகிறது. அந்நுண்ணுயிர் செடியின் உணவுக்குழாய்களில் புகுந்து, இலையைச் சுருட்டி, மரத்தையே சாகடிக்கும். டமரில்லோத் தோப்புகள் பலத்த அடிபட்டன. விளைவிப்போர் பலர் தொழிலையே விட்டனர். ஒட்டு இங்கே கைகொடுக்கவில்லை. வேரை மாற்றலாம், இலைவழி வரும் எதிரிக்கு வேர் என்ன செய்யும்?

இதிலிருந்து பெருந்தோட்டம் தீது, கொல்லை நன்று என எளிய நீதி வகுக்க நாம் விரும்பவில்லை. கொல்லை மரத்தையும் அப்பூச்சி விடுவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். தோப்பு அழிந்தால் தொழில் அழியும். ஆயிரம் கொல்லைகளில் நூறு போனாலும் கனி அழியாது.

நம் கொல்லையில்

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியில் நண்பர் இல்லத்துப் பின்புறத்தில் நாம் மூன்று கன்றுகள் நட்டோம். குழியை ஆழமாக வெட்டி, வாழைக்குச் செய்வதுபோல எருவிட்டு, நீர் நிற்கப் பாத்தியும் கட்டினோம். வடகிழக்குப் பருவமழையில் நான்கு நாள் பாத்தி குளமாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் இலைகள் தொங்கின. அந்த வாரமே மூன்றும் போயின. நன்மை செய்வதாக எண்ணி நாமே கொன்றோம். பக்கத்து வீட்டு மூதாட்டி கரையில் மண்ணைக் குவித்து, மேட்டின்மேல் நட்ட மரம் அதே மழையில் அசையாமல் நின்றது. அவர் எந்நூலும் படித்தவரல்லர். ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை, நிற்கும் மரம் நன்றாகக் காய்க்கும்போதே அடுத்த நாற்றை வேறு மூலையில் நட்டுவிடுவது அவர் வழக்கம். நாம் மறுமுறை நட்டது அவர் தந்த விதையிலிருந்துதான்.

நடவிரும்பும் மலைவாழ் அன்பர்களுக்குச் சில சொற்கள். விதையிலிருந்து வளரும் மரம் ஆளுயரம் நேரே சென்று பின் கிளைக்கும். போத்து நட்டால் தாழவே புதராய்க் கிளைக்கும். காற்றடிக்கும் இடத்துக்குப் போத்து நல்லது. ஆனால் தாய்மரத்தின் தேமல் நோயைப் போத்து அப்படியே கொண்டுவரும். அசுவினிகள் பரப்பும் நச்சுயிரி அது. விதை நாற்று அந்நோயின்றித் தொடங்கும். ஆகவே ஐயமிருந்தால் விதையே மேல். இரண்டாண்டுக்குள் காய்க்கத் தொடங்கும். பூ மலர்ந்து கனி பழுக்க ஐந்தாறு மாதம் பொறுக்க வேண்டும். நுனியைக் கிள்ளிக் கிளைக்கச் செய்க, புதுக்கிளையில்தான் பூக்கும். ஒட்டுக்கட்டிப் பார்க்க விரும்புவோர் சாலையோரத்தில் தானே முளைத்த சுணைச்செடியை எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்கென விதைத்துப் பெருக்குதல் ஆகாது. அதன் சுணை தோலையும் மூச்சையும் உறுத்தும், காயும் நஞ்சு. அடியிலிருந்து அது தழைத்துப் பூத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இம்மரத்துக்கு நூற்றாண்டு விழா எடுக்க வழியில்லை. எந்த மரமும் அத்தனை நாள் நிற்பதில்லை. மாட்ரிட் தோட்டத்தில் கவனில்லெஸ் கண்ட செடி மண்ணாகி இருநூறாண்டுக்கு மேலாயிற்று. 1891-இல் கப்பலேறிய விதை எம்மரத்தில் பழுத்ததோ அம்மரமும் இல்லை. இருப்பது கைமாறிய விதை மட்டுமே. கோத்தகிரியில் மூதாட்டி தந்த விதையில் முளைத்த மரம் இவ்வாண்டு காய்த்திருக்கிறது. அதன் நிழலில் அடுத்த நாற்று நான்கிலை விட்டு நிற்கிறது. மேட்டின்மேல்தான்.